மொட்டைக்கழுத்துக் கோழி வைத்த அடை

நம் வயதுக்காரிகள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், யார் யாரை மன்னித்தோம் என்றுதான் பேச்சு போகிறது. சர்க்கரை வந்தவள் மாமியாரை மன்னித்தேன் என்கிறாள். கோயில் கோயிலாகப் போய்வந்தவள் ஓரகத்தியை மன்னித்தேன் என்கிறாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறீர்கள். நான் மன்னிக்க வேண்டியவள் ஒருத்திதான் இருந்தாள், என் பெரியம்மா. போன ஐப்பசியில் அவளை எடுத்தாயிற்று. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒரு கோழிக்கா இத்தனை என்று கேட்பீர்கள். சொல்கிறேன், அவசரப்படாதீர்கள்.

என் தாய்மாமன் கல்வராயன் மலைக்குப் போய்வரும் லாரியில் கிளீனராக இருந்தார். வெள்ளிமலைப் பக்கம் கடுக்காய் மூட்டை ஏற்றிவிட்டுத் திரும்பிய ஒரு நாள், சட்டைப் பைக்குள் ஒரு கோழிக்குஞ்சைப் போட்டுக்கொண்டு வந்தார். கறுப்பு நிறம். தலையில் மயிர் உண்டு, உடம்பில் மயிர் உண்டு, நடுவில் கழுத்து மட்டும் சிவப்பாக மொட்டை. அந்த மாதிரிக் கோழி எங்கள் தெருவில் அதற்கு முன் கிடையாது. பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “எவன்டா அது, பாதி உரிச்சிட்டு வேலை கீதுன்னு போனவன்?” என்றாள். தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மாமன் அதை என் கையில்தான் கொடுத்தார். என் கையில் என் பெயருக்கென்று வந்த முதல் பொருள் அது.

பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போகும் சிவப்பு ரிப்பனில் விரல் நீளம் கிழித்து அதன் காலில் கட்டினேன். அது இந்தக் கதையில் திரும்ப வரும்.

எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் வாசல் ஒன்று, அடுப்பு இரண்டு. பெரியப்பாவுக்குக் கிணறு இருந்தது. எங்கள் முக்கால் ஏக்கர் கரும்பு அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் நின்றது. அதனால் பெரியம்மா என்ன பேசினாலும் என் அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பெரியம்மாவிடம் ஒன்பது கோழிகள் இருந்தன. என்னிடம் ஒன்று.

அந்த ஒன்றும் முட்டையிடுவதைவிட அடைக்குப் படுப்பதில்தான் ஆசை கொண்டது. பன்னிரண்டு முட்டை வைப்பதற்குள், விறகு மூலையில் பப்பென்று ஊதிக்கொண்டு உட்கார்ந்துவிடும். கிட்டே போனால் குர்ரென்று ஒரு சத்தம். அடைவெறி தெளியட்டும் என்று அம்மா அதைத் தூக்கித் தொட்டித் தண்ணீரில் மூன்று முக்கு முக்கினாள். தெளியவில்லை. அதன் இறகையே பிடுங்கி மூக்கில் குறுக்காகக் குத்திவிட்டாள். ஓர் இறகை மீசைபோல் வைத்துக்கொண்டு அது வாசலில் தலையை உதறி உதறி நடந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. மடியில் வைத்து இறகை உருவினேன். அம்மா பார்த்துவிட்டாள்.

“இன்னாடி பண்ற? தீனியத் தின்னுக்கினு சும்மா குந்திக்கினு கெடக்குது. இத வெச்சிக்கினு இன்னா பண்றது?”

“ஒரு அடை வெச்சிப் பாக்கலாம்மா.”

அம்மா இறகை என் கையிலிருந்து வாங்கி எறிந்தாள். “சரி. ஒரே ஒரு அடை. குஞ்சு எறக்கிச்சின்னா கோழி உன்னுது, நான் கை வெக்க மாட்டேன். எறக்கலன்னா உன் மாமன் வர அன்னிக்குக் கொழம்பு.”

என் கோழியின் உயிர் பதினொரு முட்டைமேல் வந்து நின்றது இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போய்வந்து பொழுது சாயும் நேரத்தில் அடை வைத்தோம். வாய் பிய்ந்த கூடை ஒன்று. அடியில் மணல், மேலே வைக்கோல். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று ஒரு அடுப்புக்கரி, ஒரு காய்ந்த மிளகாய், அப்பாவின் மாட்டிலிருந்து விழுந்த லாடம் ஒன்று. கோழி தானாக ஏறி, வயிற்றைத் தாழ்த்தி, ஒவ்வொரு முட்டையாக அலகால் உள்ளே இழுத்துக்கொண்டது. அந்த லேசான டொக் டொக் இப்போதும் எனக்குக் கேட்கும்.

எங்கள் ஊரில் அடைக்கு நாள் எண்ணமாட்டார்கள், சந்தையைத்தான் எண்ணுவார்கள். சந்தையன்றைக்கு அடை வைத்தால் மூன்றாம் சந்தைக்குக் குஞ்சு. எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கணக்குதான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் அந்த ஒரு கோழிக்காக, கூடைக்குப் பின்னால் சுவரில் தினமும் கரியால் ஒரு கோடு இழுத்து வந்தேன். பெரியம்மா பார்த்துவிட்டு, “கலெக்டரு ஆபீசு வேலைக்கிப் போப்போறியா?” என்று கேட்டாள்.

அடைக்கோழியைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும். நாளைக்கு ஒரு தரம்தான் எழும். எழுந்ததும் நாற்றம் தாங்காத ஒரு பெரிய எச்சம். ஓடிப்போய்ப் புழுதியில் புரளும். நான் கொட்டாங்கச்சியில் தண்ணீரும் ஒரு பிடி கம்பும் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவசர அவசரமாகக் கொத்திவிட்டுத் திரும்ப ஓடும். நாளுக்கு நாள் முள்ளாக இளைத்தது. கையில் எடுத்தால் முறம் தூக்கினாற்போல் இருக்கும். வயிற்றின் அடி மட்டும் சுடும்.

அடுத்த சந்தையன்று பெரியம்மாவும் தன் செவலைக் கோழியை அடை வைத்தாள். அவளும் பதினொன்றுதான் வைத்தாள். அவள் கூடை வாசலின் அந்தப் பக்கம், என் கூடை இந்தப் பக்கம்.

அதற்குப் பிறகுதான் சாலை மறியல் வந்தது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டில் உட்கார்ந்த வருஷம் அது. புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். மணலூர்பேட்டைப் பஸ்ஸும் இல்லை, கள்ளக்குறிச்சிப் பஸ்ஸும் இல்லை. பள்ளிக்கூடம் மூடியது. எப்போதும் ஹாரன் சத்தம் கேட்கும் ரோட்டில் வெட்டுப்பட்ட மரத்தின் பச்சை வாசனை மட்டும் அடித்தது. போலீஸ் வண்டி வருகிறது என்றால் ஆண்கள் கரும்புக்குள் ஓடுவார்கள்; தோகை அறுத்து முதுகெல்லாம் கோடு கோடாகத் திரும்புவார்கள். என் அப்பா அந்த ஓட்டத்தில் துண்டைத் தொலைத்தார். பெரியப்பாதான் எங்கள் ஊருக்கு முன் நின்றவர். சதவீதம் சதவீதம் என்று பேசிக்கொண்டே இருப்பார். அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது சந்தை கூடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

என் சுவரில் பத்தொன்பது கோடு ஆன ஞாயிற்றுக்கிழமை, வெளியூரிலிருந்து தலைவர்கள் வருவதாகச் சொன்னார்கள். மறியல் நடக்கும் இடத்திலேயே சாப்பாடு. சந்தை இல்லாததால் கறி கிடைக்கவில்லை. நானும் அம்மாவும் காலையிலேயே ரோட்டுக்குத் தண்ணீர்க் குடம் தூக்கப் போய்விட்டோம். உச்சிப்பொழுதுக்கு நான் மட்டும் கோழிக்குத் தண்ணீர் வைக்க ஓடிவந்தேன்.

கூடையில் கோழி இல்லை. பதினொரு முட்டையும் அப்படியே இருந்தன.

எதிரே பெரியம்மா, தூக்குப் பாத்திரத்தைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். குழம்பு வாசனை.

“பெரிம்மா, என் கோழி எங்க?”

“எனுக்கு இன்னா தெரியும்? கீரி தூக்கினு பூட்ருக்கும். ரெண்டு நாளா வேலியோரம் சுத்திக்கினு இருந்துச்சே.” தலை நிமிராமல் சொன்னாள். பிறகு அவளாகவே, “நான் என் கோழிய அடிச்சி ஊருக்குக் கொழம்பு வெச்சி எடுத்துக்கினு போறேன். உனுக்கு உன் கோழி கவலை” என்றாள். தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

கீரி என்றால் முட்டையை விட்டுவைக்குமா? அந்த வயதிலேயே எனக்கு அது தெரியும். அவள் வீட்டுக் கோழிகளை எண்ணினேன். அடையில் இருந்த செவலையோடு சேர்த்து ஒன்பது. கொல்லைக்குப் போய் அவள் சாம்பல் கொட்டும் குழியைக் குச்சியால் கிளறினேன். கறுப்பு இறகு வந்தது. பிறகு மொட்டைக் கழுத்தோடு தலை. பிறகு ஒரு கால், அதில் என் ரிப்பன்.

நான் அழுதேன் என்று நினைக்காதீர்கள். அழ நேரம் இல்லை, முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

அடுப்பில் தண்ணீரை வெதுவெதுப்பாகச் சுடவைத்து முட்டைகளை அதில் விட்டேன். உள்ளே உயிர் இருந்தால் முட்டை தானாக ஆடும். ஒன்பது ஆடின. இரண்டு சும்மா மிதந்தன. துடைத்து மடியில் கட்டிக்கொண்டு பெரியம்மாவின் கூடைக்குப் போனேன். செவலைக்கு அடியில் கையை விட்டேன். மணிக்கட்டில் கொத்திச் சதையைப் பிடுங்கியது. தழும்பு இன்னும் இருக்கிறது, காட்டுகிறேன். அவள் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, என் முட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தேன். ஆடாத இரண்டையும் சேர்த்தே வைத்தேன். எண்ணிப் பார்த்தால் பதினொன்று இருக்க வேண்டும் அல்லவா. செவலை கொஞ்சம் முனகிவிட்டு, என் முட்டைகளை அலகால் உள்ளே இழுத்துக்கொண்டது. டொக் டொக்.

இப்போது அவள் முட்டைகள் என் மடியில். பன்னிரண்டு நாள் அடைபட்டவை. வெளியே வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் கூடையை அவள் ஆறவைத்தாள், அவள் முட்டையை நான் ஆறவைக்கிறேன் என்று மட்டும்தான் நினைத்தேன். என் கோழியின் தலை கிடந்த அதே சாம்பல் குழியில் அவற்றைப் புதைத்தேன். கை அவசரத்தில் ஒன்று நழுவி உடைந்தது. சிவப்பு நரம்புகளுக்கு நடுவே, உடம்புக்குப் பொருந்தாத பெரிதாக ஒரு கறுப்புக் கண். நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே சாம்பலைத் தள்ளினேன். காலை மட்டும் எடுத்துத் தகர டப்பாவில் போட்டு மூடி வைத்தேன்.

சாயங்காலம் அப்பா ரோட்டிலிருந்து வந்தார். “அண்ணி கொழம்பு வெச்சாங்க, வாசனை தூக்குச்சி. கறிதான் கொஞ்சம் வேகல” என்று பல் குத்திக்கொண்டே சொன்னார். அடைபட்டு இளைத்த கோழி எப்படி வேகும்? வெளியூர்த் தலைவர் ஒருவர் வாயிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, செருப்பா கோழியா என்று கேட்டாராம். அதைக் கேட்டபோது எனக்கு வயிறு குளிர்ந்தது. இப்போது சொல்லும்போதும் குளிர்கிறது.

செவ்வாய்க்கிழமை ரோடு திறந்தது. அரைகுறையாகச் சந்தை கூடியது. பெரியம்மா சந்தைக்குப் போய் வந்து கூடையைப் பார்த்தாள். செவலையின் இறக்கைக்கு அடியிலிருந்து கீச் கீச். அவள் கணக்குப்படி அடை வைத்து ஒரே ஒரு சந்தைதான் ஆகியிருந்தது. தெருவுக்கு ஓடினாள்.

“வந்து பாருங்கடி! ஒத்த சந்தைல குஞ்சு எறங்கிகீது! ஊருக்குன்னு கோழி குடுத்தேன் இல்ல, ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!”

நிஜமாகவே கண்ணில் தண்ணீர். கற்பூரம் ஏற்றிவிட்டாள். ஏழெட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். நான் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து மணிக்கட்டுப் புண்ணை ஊதிக்கொண்டிருந்தேன்.

மருத்துவச்சி அத்தை கடைசியாக வந்தாள். “ஒத்த சந்தையா? நான் எத்தினி புள்ளைய எடுத்திருக்கேன், மூணு மாசத்துல ஒண்ணும் மொழுமொழுன்னு வந்து பாத்ததில்லையே” என்று சொல்லிக்கொண்டே கூடைக்குள் கையை விட்டு ஒரு குஞ்சை எடுத்தாள். ஈரம் காய்ந்து பஞ்சாக இருந்தது. அதைத் திருப்பினாள். கழுத்தில் ஒரு மயிர் இல்லை. அடுத்ததை எடுத்தாள். அதிலும் இல்லை. ஒன்பதில் ஆறு அப்படி.

“இன்னாடியம்மா, உன் செவலை மலைக்கி எப்பப் போய்ட்டு வந்துச்சி?”

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும். பெரியம்மா குஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து என் மயிரைப் பிடித்தாள்.

“திருட்டு நாயே! என் முட்டைய இன்னாடி பண்ண?”

“கீரி தூக்கினு பூடுச்சி பெரிம்மா.”

அவள் ஓங்கிய கை அப்படியே நின்றது. நான் உள்ளே போய்த் தகர டப்பாவைக் கொண்டுவந்து மருத்துவச்சி அத்தை கையில் கொடுத்தேன். அவள் திறந்ததும் நாற்றத்துக்கு எல்லோரும் பின்வாங்கினார்கள். அவள் மட்டும் ரிப்பனைப் பார்த்தாள்.

“எங்கருந்துடி எடுத்த?”

“பெரிம்மா சாம்பக் குழியில.”

“கீரிக்கி சாம்பக் குழி தோண்டத் தெரிஞ்சிருக்கு பாரேன்” என்றாள் அத்தை.

பெரியம்மாவின் குரல் இறங்கியது. “ஊரு மானம்டி. வெளியூரு ஆளுங்க வராங்க. அது அடை வெச்சி ஒத்த சந்தைதான ஆச்சி, முட்டை இன்னும் தண்ணியாத்தான் கெடக்கும், போனாப் போவுதுன்னு...”

“சந்தை கூடலன்னா கோழிக்கி இன்னாடி? அதுக்கு நாளு ஓடாதா?” அத்தை என் சுவர்ப் பக்கம் போய்க் கோடுகளை விரலால் தொட்டு எண்ணினாள். “இருவத்தி ஒண்ணு. அது கெடக்கட்டும். உங்கிட்டதான் ஒம்போது கீதே, அதுல ஒண்ணு உனுக்குக் கெடைக்கலியா?”

பெரியம்மா குனிந்து கற்பூரத் தட்டை நகர்த்திவைத்தாள். அதற்குப் பதில் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

யாரோ ஒருத்தி நியாயம் சொன்னாள். கோழி ஒரு வீட்டுது, முட்டை ஒரு வீட்டுது என்றால் குஞ்சு ஆளுக்குப் பாதி. அதுதானே எங்கும் வழக்கம்? உண்மைதான், வழக்கம் அதுதான். என் அம்மாகூடத் தலையாட்டினாள். நான் பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னேன்.

“என் கோழியக் குடுத்துடுங்க பெரிம்மா. எல்லாக் குஞ்சையும் நீங்களே எடுத்துக்குங்க.”

கற்பூரம் எரிந்து அணைந்தது. மருத்துவச்சி அத்தை கூடையைச் செவலையோடும் குஞ்சுகளோடும் தூக்கி எங்கள் பக்கம் வைத்தாள். “குஞ்சு ஒதுக்கற வரிக்கும் இங்கதான் இருக்கும். யாரும் வாயத் தொறக்காதீங்க.”

அன்றைக்கு அப்பா என்னை அடித்தார். அண்ணி மானத்தைத் தெருவில் வாங்கிவிட்டேனாம். என் கோழியைத் தின்ற அதே கையால் அடித்தார். அம்மா தடுக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரை நினைத்திருப்பாள். இப்போது நானும் குடும்பம் நடத்திவிட்டேன், அம்மாவின் பயம் புரிகிறது. புரிவதால் வலி குறையவில்லை.

குஞ்சுகளை வளர்த்தேன். முதல் வாரம் நொய். பிறகு, ஓட்டைப் பானையில் சாணியும் வைக்கோலும் போட்டுப் புற்றோரம் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் அப்பியிருக்கும். உதறினால் குஞ்சுகள் காலடியில் வந்து மொய்க்கும். செவலை நல்ல தாய். பருந்து நிழல் தரையில் விழுந்தால் ஒரு சத்தம் கொடுக்கும், ஒன்பதும் இறக்கைக்குள் போய்விடும். பெரியம்மா அவள் பக்கத்திலிருந்து தினமும் “பா... பா... பா...” என்று தானியம் இறைத்து அதைக் கூப்பிடுவாள். செவலை ஒரு தரம் தலையைத் தூக்கிப் பார்க்கும். பிறகு என் கரையானுக்குக் குனிந்துவிடும். தன் கோழி தன்னிடம் வராமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவள் கையில் தானியத்தோடு நிற்பாள். நான் வேண்டுமென்றே அந்த நேரத்துக்குத்தான் பானையை உதறுவேன்.

ஒன்பதில் எட்டு தேறின. செவலை அவற்றைக் கொத்தித் துரத்தும் நாள் வந்ததும், தானாக வாசலைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டது. ஒரு பெட்டையையும் சேவலையும் நான் வைத்துக்கொண்டேன். மற்ற ஆறையும் தெருவில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். முதலாவது மருத்துவச்சி அத்தைக்கு. பெரியம்மாவுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் சேவலுக்கு வாசலில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தெரியுமா? அடுத்த வருஷம் அவள் வைத்த அடையிலும் மொட்டைக் கழுத்துகள் இறங்கின. அதற்கடுத்த வருஷமும். எந்தக் கூடையைத் திறந்தாலும் என் கோழி அவளைப் பார்த்தது. நான் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குத்தான் போனேன். நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

போன ஐப்பசியில் அவள் படுத்த படுக்கையானாள். நாட்டுக்கோழி ரசம் வேண்டும் என்று மருமகளைக் கேட்டாளாம். நான் என் வீட்டு மொட்டைக்கழுத்து ஒன்றை அடித்து, மிளகு தட்டிப் போட்டு, தூக்கில் எடுத்துப் போனேன். பாசத்தில் இல்லை. குடித்த பிறகு அது என்ன கோழி என்று சொல்லவேண்டும், அதற்காக.

அவள் நாலு வாய் குடித்தாள். ஒரு துண்டு கறியை ஈறால் மென்றாள்.

“மொட்டைக்கழுத்துதான?” என்று அவளே கேட்டாள். “இது நல்லா வெந்துகீது. அன்னிக்கிதான் வேகல.”

பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினாள். “கீரி எங்க பொதைச்சிதுன்னு எனுக்குத் தெரியும்டி.”

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

“குஞ்சு எறங்குன மறாநாளு சாம்பக் கொட்டப் போனப்பவே கெளறிப் பாத்துட்டேன். ஒண்ணு ஒடஞ்சி கெடந்துச்சி. கண்ணு வெச்சிருந்துச்சி. மேல ரெண்டு கூடை சாம்பல ஜாஸ்தியாக் கொட்டி மூடிட்டேன்.”

“ஏன் தெருவுல சொல்லல?”

“சொல்லி? குஞ்சுங்கள உசுரோட பொதைச்சவன்னு பேரு வந்துட்டா உன்ன எவன் கட்டிக்கினு போவான்? நீயும் எங்க வூட்டுப் பொண்ணுதான?” என்றாள். தூக்கை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

இத்தனை வருஷமும் நான் ஜெயித்தவள் என்று தலையை நிமிர்த்தி அவள் வாசலைத் தாண்டிப் போய்வந்தேன். அவள் உள்ளே உட்கார்ந்துகொண்டு, என் தலை நிமிர்ந்து இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள். நாலு வாய் ரசத்தைக் குடித்துவிட்டு அந்த ஜெயிப்பையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள், என் கோழியைப் பிடுங்கிய மாதிரியே.

அதனால்தான் சொல்கிறேன். கோழிக்காக ஒரு தரம், இதற்காக இன்னொரு தரம். இரண்டுக்கும் நான் அவளை மன்னிக்கவில்லை.